விருந்தாளிக் குடம்

ஏப்ரல் 3, திங்கள்

பதினாறாவது சுற்று இன்று தொடங்கியது. காலையில் ஒன்பது வீடு, சாயங்காலம் ஐந்து. வெயில் மண்டையைப் பிளக்கிறது. போன மாதம் வாங்கிய செருப்பு அதற்குள் இரண்டு காலையும் கடித்துவிட்டது. கடைக்காரன் ஏழாம் நம்பர் என்று சொல்லி ஆறைத் தலையில் கட்டியிருக்கிறான்.

புது நோட்டு என்பதால் முறையாக ஆரம்பிக்கிறேன். பெயர் மலர்க்கொடி, வயது நாற்பத்தைந்து. நொச்சிக்குடிகாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தாறு வருடம். சிறுநீரக ஆய்வில் களப்பணியாளராகப் பதினாறு வருடம். எங்கள் ஊரில் பருத்திக்கும் சோளத்துக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சர்க்கரை இல்லை, குடிப்பழக்கம் இல்லை, ஆனாலும் நாற்பது வயதில் கிட்னி கெட்டுப்போகிறது. ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஆய்வு. வருடம் ஒருமுறை 212 வீட்டுக்கும் போய் ரத்தம், சிறுநீர், பிரஷர், அப்புறம் வீட்டில் குடிக்கிற தண்ணீர் ஒரு பாட்டில் எடுத்து அனுப்புவேன். மூன்று, நான்கு வாரத்தில் வீட்டுக்கு வீடு முடிவுச் சீட்டு வரும். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். என் வீடு மட்டும் கணக்கில் கிடையாது. பணியாளர் வீட்டைச் சேர்க்கக் கூடாது என்பது விதி.

தினமும் நோட்டு எழுதச் சொன்னவர் டாக்டர் பியூலா. "மனசுல படுறத எழுதுங்க மலர்க்கொடி, நான் வாங்கிப் படிக்க மாட்டேன்" என்றார். சொன்ன சொல் தவறவில்லை. பதினாறு வருடத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

ஏப்ரல் 4, செவ்வாய்

பதினோரு வீடு. கல்யாண மோதிரம் கழலவில்லை. சோப்புப் போட்டும் கழலவில்லை. "கழட்டி என்ன பண்ணப் போற, என்னய வுட்டுட்டு ஓடப் போறியா" என்று கேட்டார் வீட்டுக்காரர். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பயப்படட்டும்.

ஏப்ரல் 8, சனி

கனகவல்லி வீடு. அவள் புருஷன் செல்வராசுக்கு வாரம் இரண்டு நாள் டவுனில் டயாலிசிஸ். முப்பத்தொன்பது வயது. ஒரு காலத்தில் பருத்தி மூட்டையைத் தனி ஆளாக லாரியில் ஏற்றியவன், இப்போது கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தான்.

பாட்டிலை நீட்டினேன். கனகவல்லி வாங்கி, புளி போட்டு விளக்கிய எவர்சில்வர் குடத்தைத் திறந்து நிரப்பிக் கொடுத்தாள். அய்யனார் கோயில் கிணற்றுத் தண்ணீர், பளிங்கு மாதிரி இருந்தது. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு குடம் உண்டு. மைல் தூரம் போய்ச் சுமந்து வருவது. விருந்தாளி வந்தால் அதிலிருந்து மொண்டு கொடுப்பார்கள், டீ போடுவார்கள். மற்றபடி பொழங்குவது எல்லாம் போர்த் தண்ணீர், நீல டிரம்மில்.

"அக்கா, ஒரு வாய் தண்ணி குடுக்கச் சொல்லு இவள" என்றான் செல்வராசு. அவனுக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவுதான் என்று அளவு. கனகவல்லி அரை டம்ளர் மொண்டு கொடுத்தாள். டிரம்மிலிருந்து மொண்டாள்.

நான் பாட்டிலில் 087 என்று வீட்டு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தேன். அது எப்போதும் நடப்பதுதான். எழுத என்ன இருக்கிறது.

ஏப்ரல் 13, வியாழன்

டாக்டர் பியூலா வந்தார். முதலில் வந்தபோது பின்னலில் கனகாம்பரம் வைத்திருப்பார், இப்போது கிராப் மாதிரி வெட்டிய நரை. எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். வெளியூர்க்காரர்களில் எங்கள் வீட்டு டீயை மிச்சம் வைக்காமல் குடிப்பவர் இவர் ஒருவர்தான்.

மே 20ஆம் தேதி ஊர்க் கூட்டம். பதினைந்து வருட முடிவை ஊருக்கே சொல்லப்போகிறார்களாம். பெரிய பெரிய தாளில் கட்டம் கட்டமாகக் காட்டினார்.

"தண்ணியில ஒண்ணும் இல்ல மலர்க்கொடி. எல்லா வருசமும், எல்லா வீடும் சுத்தமா இருக்கு. வெயில்ல வேலை பாக்கறது, வலி மாத்திரை, பூச்சிமருந்து, இந்தப் பக்கம்தான் இனிமே பாக்கணும். தண்ணியக் கணக்குலேருந்து எடுத்துடலாம்."

"அப்ப ஆத்துத் தண்ணி பைப்பு?" என்று கேட்டேன். ஆற்றிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவரும் திட்டத்தில் எந்தெந்த ஊருக்கு முதலில் என்று கலெக்டர் ஆபீசில் பட்டியல் எழுதுகிறார்கள். ஊரே அதை எதிர்பார்த்திருக்கிறது.

"எங்க அறிக்கையையும் கேட்டிருக்காங்க. உள்ளத உள்ளபடிதானே குடுக்கணும்? தண்ணி மோசமா இருக்கற ஊருக்கு மொதல்ல போகும். உங்க ஊருக்குப் பொறவு வரும், பத்து வருசம் ஆகலாம்."

டீ டம்ளரைக் கழுவும் சாக்கில் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது டாக்டர் சிரித்துக்கொண்டே, "கூட்டத்துல உங்களுக்குத்தான் மொதல் சால்வை. இத்தன வருசத்துல ஒரு பாட்டில்கூட நீங்க தவறவிட்டதில்ல" என்றார்.

மறுபடி அடுப்படிக்குப் போனேன். சாம்பாருக்குப் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஏப்ரல் 14, வெள்ளி

வருடப் பிறப்பு. பாயசம், வடை. வீட்டுக்காரர் ஏழு வடை.

பிரஷர் மெஷின் கெட்டுவிட்டது. சரியாக இருக்கிறதா என்று என் கையில் கட்டிப் பார்த்தேன், 172 காட்டியது. புது பேட்டரி போட்டேன், 176 காட்டியது. ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் கையில் கட்டினால் 124 காட்டுகிறது. மெஷினுக்கும் ஆம்பிளை என்றால் ஒரு தனி மரியாதை போலிருக்கிறது.

ஏப்ரல் 15, சனி

பாயசம் மிச்சம். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, எல்லாம் இரும்பு மாதிரி கசக்கிறது.

ஏப்ரல் 19, புதன்

டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் பழைய நோட்டுகள் இருந்தன. முதல் நோட்டை எடுத்தேன். கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது. முதல் சுற்றின் மூன்றாம் நாள் பக்கத்தைத் தேடிப் படித்தேன்.

அதில் இருப்பதை இங்கே எழுதவா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்து, துணி துவைத்து, கோழிக்குத் தவிடு பிசைந்து, வேறு வேலை எதுவும் மிச்சமில்லாததால் எழுதுகிறேன்.

அப்போது டாக்டர் பியூலாவோடு ஒரு சின்ன வயது டாக்டரும் வருவார். ஒரு வருடத்தில் போய்விட்டார். நான் முதலில் எடுத்த ஒன்பது பாட்டிலும் போர்த் தண்ணீர்தான். சொன்னபடி எடுத்தது, அவர்கள் குடிப்பது. அந்த டாக்டர் ஒரு பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தார். அடியில் வெள்ளையாக மண்டி இறங்கியிருந்தது. "இதையா குடிக்கிறீங்க? இத மாடு குடிக்குமா?" என்று சிரித்தார். ஐந்தாறு பொம்பிளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். டாக்டர் பியூலா அப்போது ஜீப்பில் இருந்தார்.

அவர்கள் போனதும் ஒன்பது பாட்டிலையும் வேப்பமரத்தடியில் கொட்டினேன். வீடு வீடாகத் திரும்பிப் போனேன். "நம்ம ஊரப் பாத்துச் சிரிச்சுட்டுப் போறான். இனிமே விருந்தாளிக் கொடத்துலேருந்துதான் ஊத்திக் குடுக்கணும்" என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வருகிறவருக்குக் கலங்கல் தண்ணீர் கொடுப்பார்களா? அவர்கள் மனசில் இருந்ததைத்தான் நான் சொன்னேன். பிறகு அது பழகிப்போனது. பாட்டில் நாளுக்கென்றே ஒரு குடம் எடுத்து வருவார்கள். அன்று குடம் காலியாக இருப்பவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு சொம்பு வாங்கிக்கொள்வார்கள்.

நோட்டில் கடைசி வரி: "இன்று ஊர் மானத்தைக் காப்பாற்றினேன்." இருபத்தொன்பது வயதில் எனக்கு என்ன ஒரு பெருமை!

பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். கிழிக்கவில்லை.

ஏப்ரல் 20, வியாழன்

சுற்று முடிந்தது. 212 பாட்டில். எல்லாம் சுத்தம்.

மே 2, செவ்வாய்

சொல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? தண்ணீர்தான் காரணம் என்று யார் கண்டது? வெயிலாக இருக்கலாம், மாத்திரையாக இருக்கலாம். டாக்டரே சொல்கிறார். நான் சொன்னால் பதினைந்து வருட வேலை குப்பைக்குப் போகும். டாக்டர் தலை நரைத்தது வீணாகும். ஊர் என்னைக் காறித் துப்பும். வேலையும் போகும்.

வீட்டுக்காரர் புதுச் செருப்பு வாங்கி வந்தார். எட்டாம் நம்பர். "ஆனைக்கு வாங்குறியான்னு கடக்காரன் கேக்குறான். ஒங்காலுக்கு என்னதான் ஆச்சு?" என்றார். நடையோ நடை என்று நடந்தால் வீங்காதா என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

மே 6, சனி

முடிவுச் சீட்டுகள் வந்தன. 087ஐ முதலில் எடுத்துக்கொண்டு போனேன். செல்வராசு பற்றி எதிர்பார்த்ததுதான். அடுத்த பெயர் கனகவல்லி. முப்பத்துநான்கு வயது. கிரியேட்டினின் 1.9 என்றிருந்தது. ரத்தத்தில் அந்த அளவு ஏறினால் கிட்னி தளர்கிறது என்று அர்த்தம்.

"என்னாக்கா போட்டுருக்கு?"

"கொஞ்சம் கூட இருக்கு. டாக்டரப் பாத்துரு."

"அவருக்கும் மொதல்ல இப்புடித்தான கொஞ்சம் கூடன்னு சொன்ன?"

அவள் செல்வராசு பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தண்ணி என்னா போட்டுருக்கு?" என்றாள்.

படித்தேன். "உங்கள் வீட்டுக் குடிநீர்: பாதுகாப்பானது."

"அது ஒண்ணாவது நல்லாருக்கே" என்று சீட்டை வாங்கிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் குத்தினாள். அந்த ஆணியில் பதினைந்து வருடச் சீட்டும் இருந்தது. அடியில் இருப்பவை பழுத்துப்போயிருந்தன. "முன்னல்லாம் குடிக்கிறதுக்கும் அய்யனார் கெணத்துலேருந்து நாலு கொடம் தூக்கியாருவேன் க்கா. நம்ம வூட்டுத் தண்ணியே நல்லதுன்னு நீ சீட்டு கொண்டாந்து குடுத்தப்பறம்தான், இடுப்பு வலியாச்சும் மிச்சம்னு வுட்டேன்" என்றாள். சொல்லிக்கொண்டே டிரம்மில் சொம்பை விட்டு மொண்டு, அண்ணாந்து கடகடவென்று குடித்தாள்.

பாட்டில் வேறு, சீட்டு வேறு அவளுக்கு. பாட்டில் மரியாதைக்குக் கொடுப்பது. சீட்டு படித்தவர்கள் கண்டுபிடித்துச் சொல்வது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க வேண்டியவள் நான்தான். இதுவரை நான் எதையோ சொல்லாமல் விட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லாமல் விடவில்லை. வருடா வருடம் வீடு வீடாகப் போய், இதையே குடியுங்கள் என்று சீட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மற்ற சீட்டுகளைக் கொடுக்கவில்லை. பையோடு வீட்டுக்கு வந்து அழுதேன். நன்றாக அழுதேன்.

மே 7, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, "நாளைக்கி மொத பஸ்சு ஆறே முக்கால்" என்றார்.

மே 8, திங்கள்

டவுன் ஆபீசில் டாக்டர் பியூலாவின் மேசைமேல் முதல் நோட்டைப் பிரித்து வைத்தேன். "படிங்கம்மா" என்றேன். "நான் படிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேனே" என்று சிரித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினார்.

ஒன்றரைப் பக்கம்தான். அவர் படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"எத்தனை வீடு?"

"எல்லா வீடும்மா."

"எத்தனை வருசம்?"

"எல்லா வருசமும்."

எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "ஏன் மலர்க்கொடி, எங்கிட்டகூடவா சொல்லத் தோணல? எத்தன தடவ உங்க வீட்ல டீ குடிச்சிருக்கேன்!" என்றார். கோபம்தான். வாங்கிக்கொண்டேன். அதற்குத்தானே போனேன்.

"வேலைய விட்டு நின்னுக்கிறேம்மா."

மேசை ஓரத்தில் அவருடைய தண்ணீர் பாட்டில் இருந்தது. பச்சை மூடி. ஜீப்பில் எப்போதும் கூடவே வருவது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ குடிச்சிருக்கேன்," என்றார் மெதுவாக. "உங்க ஊர்ல ஒரு வாய் பச்சத்தண்ணி குடிச்சதில்ல. தாகம் எடுத்தா இதத்தான் எடுப்பேன். ஒருத்தர் வீட்டு அடுப்படிக்குள்ள போனதில்ல. இருநூத்திப் பன்னெண்டு வீட்டுத் தண்ணியும் ஒரே மாதிரி வருதே, எப்படின்னு ஒருநாள் கேட்டிருக்கணும். நான்தான் கேட்டிருக்கணும். நீங்க மறைச்சீங்க. நான் பாக்கல."

அறிக்கையை நிறுத்துகிறேன் என்றார். தண்ணீர்தான் காரணம் என்று இன்னும் சொல்ல முடியாது, ஆனால் இல்லை என்று சொன்னது பொய்யாகிவிட்டது, முதலில் அதைத் திருத்த வேண்டும் என்றார். கையில் இருக்கும் சீட்டு எதையும் கொடுக்க வேண்டாம்.

"கூட்டத்துல நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நான் கொட்டுனது. நானே சொல்றேன்."

மே 20, சனி

பள்ளிக்கூட வளாகத்தில் கூட்டம். சால்வையை டாக்டர் கொண்டுவரவில்லை, நல்லவேளை. இருநூறு பேருக்கு மேல். எழுந்து நின்றேன். மைக்கை வேண்டாமென்றேன், என் குரலுக்கு எதற்கு மைக்.

வேப்பமரத்தடியில் கொட்டியதிலிருந்து சீட்டு வரைக்கும் சொன்னேன். "நீங்க ஊத்திக் குடுத்ததுல தப்பில்ல. வர்றவங்களுக்கு நல்ல தண்ணி குடுக்கறதுதான் நம்ம வழக்கம். அதவச்சு ஒங்க தண்ணி நல்லதுன்னு சீட்டு வந்துச்சு. அது பொய்யின்னு தெரிஞ்சே கொண்டாந்து குடுத்தேன். அது என் தப்பு" என்றேன்.

எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தது. கிட்னி கெட்டு அண்ணனைப் பறிகொடுத்த ஒருவர், "பதினாறு வருசம் ஊர ஏமாத்தியிருக்க" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்காரர் குறுக்கே வந்து நின்றார். அவரை நான் தள்ளிவிட்டேன். அடித்தால் அடிக்கட்டும் என்றிருந்தது.

அப்போது கனகவல்லி எழுந்தாள். என்னைத் தாண்டி வெளியே போனாள். அவள் முகத்தைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. டாக்டர் எழுந்து தன் பங்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். பச்சை மூடி பாட்டிலைப் பற்றியும் சொன்னார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

கனகவல்லி திரும்பி வந்தாள். கையில் ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டில், அதில் டிரம் தண்ணீர். அடியில் வெள்ளையாக மண்டி. டாக்டர் மேசையில் டொக்கென்று வைத்தாள்.

"இதான் நாங்க குடிக்கிறது. இதுல ஒட்டு ஒன் ஸ்டிக்கர" என்றாள் என்னிடம்.

ஸ்டிக்கரை ஒட்டினேன், கோணலாகப் போனது. அவள் அதைப் பிய்த்து நேராக ஒட்டினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொம்பிளையாக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். சாயங்காலத்துக்குள் மேசை நிறைந்து, பெஞ்சு நிறைந்து, தரையிலும் வைக்க வேண்டியதாகிவிட்டது. சொம்பு, தூக்கு, மண்ணெண்ணெய் வாடை அடிக்கிற கேன், எல்லாம் வந்தன. டாக்டர் எல்லாவற்றையும் முறைப்படி நாளைக் காலையில் வந்து எடுக்கிறோம் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை.

கனகவல்லி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசாவிட்டாலும் போகட்டும். போகும்போது என் காலைப் பார்த்துக்கொண்டே போனாள். இவளுக்கு டயாலிசிஸ் வீட்டுக் கண்.

மே 22, திங்கள்

காலை எட்டு மணிக்கு டாக்டர் வந்தார். கூடவே கனகவல்லி. "இவங்கதான் கூட்டிட்டு வந்தாங்க" என்றார் டாக்டர்.

நாற்காலியைப் போட்டேன். உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குள் போய்விட்டார். விருந்தாளிக் குடத்தின் தட்டைத் திறந்து பார்த்தார், மூடினார். பிறகு எங்கள் டிரம்மைக் கண்டுபிடித்துத் தன் கையாலேயே ஒரு பாட்டில் மொண்டார். ஸ்டிக்கரில் 213 என்று எழுதினார்.

"பணியாளர் வீட்டச் சேக்கக் கூடாதும்மா. விதி."

"விதிய எழுதுனது நான். மாத்திட்டேன். உக்காருங்க."

கட்டிலில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் வாசல்படியில் நின்றார். பிரஷர் பார்த்தார்கள். டாக்டர் கொண்டுவந்த வேறு மெஷின். 178. "ஒங்க மெஷினும் கெட்டுப்போச்சா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ரத்தம் எடுத்தார். பிறகு படிவத்தைக் கனகவல்லியிடம் கொடுத்து, "நீங்க கேளுங்க" என்றார். அவள் எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர், வயது, எந்தத் தண்ணீர், நாள் ஒன்றுக்கு எத்தனை சொம்பு. பதினாறு வருடமாக ஒவ்வொரு வீட்டிலும் நான் கேட்ட கேள்விகள். பதில் சொல்கிற பக்கம் இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது.

பதினான்காவது கேள்வி. "கால் வீக்கம் உண்டா?"

கனகவல்லி படிவத்தைக் கீழே வைத்தாள். குனிந்து என் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் அது மேலே எழும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எழும்பவில்லை.

"சொல்லுக்கா," என்றாள். என்னை அக்கா என்று கூப்பிட்டுப் பதினாறு நாள் ஆகியிருந்தது. "உண்டா, இல்லயா?"

"உண்டு" என்றேன்.

"எப்பலேருந்து?"

இந்த நோட்டை எடுத்துப் புரட்டி, முதல் பக்கத்தைப் பார்த்துச் சொன்னேன். "ஏப்ரல் மூணு. செருப்பு கடிச்ச அன்னிக்கி."